மாமியார் பறித்த புற்றுக்காளானும் மகன் பறித்த காளானும்

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஐயா, வணக்கம். எங்கள் மாந்தோப்பு ஓரத்தில் ஒரு புற்று இருக்கிறது. வருஷா வருஷம் ஐப்பசி மழையில் அதைச் சுற்றிக் காளான் முளைக்கும். என் மாமியார்தான் பார்த்துப் பறித்து வருவார், நான் சமைப்பதோடு சரி. போன தை மாதம் அவர் தவறிவிட்டார். இந்த வருஷம் நானே போய்ப் பறித்தேன். அன்றைக்கே நாலாவது படிக்கும் என் மகனும் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து நாலைந்து காளான் கொண்டுவந்தான். எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. போனில் ஒரு ஆப்பில் படம் எடுத்துப் போட்டேன். மகன் கொண்டுவந்ததைச் சாப்பிடலாம் என்றே காட்டுகிறது. ஐந்து படம் அனுப்பியிருக்கிறேன். சமைக்கலாமா, சொல்லுங்கள். இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்த உடனேயே "எதையும் சமைக்க வேண்டாம், மகன் கொண்டுவந்ததைத் தனியாக ஒரு பேப்பரில் சுற்றி வையுங்கள், அவன் ஏதாவது கடித்துப் பார்த்தானா என்று கேளுங்கள்" என்று போனில் செய்தி அனுப்பினேன். அவன் வாயில் வைக்கவில்லை என்று நீங்கள் பதில் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. அவனைத் திட்டாதீர்கள். காளானைத் தொட்டதால் விஷம் ஏறாது, கையைக் கழுவினால் போதும். பாட்டி பறித்து வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தானும் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறான்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு படம் புற்றடியில் எடுத்தவை. குடையின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கிறது. கறையான் புற்று பக்கத்தில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த சமயம். இதையெல்லாம் பார்த்தால் புற்றுக்காளான் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் "சாப்பிடுங்கள்" என்று நான் எழுத மாட்டேன். நீங்கள் அதைத் தரையோடு கிள்ளி எடுத்திருக்கிறீர்கள். எனக்குப் பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மூன்றாவதும் நான்காவதும் மகன் கொண்டுவந்தவை. தட்டு அகலத்துக்கு விரிந்த வெள்ளைக் குடை, அதன் மேல் காய்ந்த பொருக்கு மாதிரி பழுப்புச் செதில்கள், நடுவில் செதில் கூடி ஒரு பழுப்பு வட்டம், தண்டில் ஒரு வளையம், முளைத்தது புல்தரையில். இது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளானாக இருக்கும் என்பது என் வலுவான சந்தேகம். நம் ஊர் மாதிரி வெப்பப் பகுதிகளில் மைதானம், பூங்கா, வீட்டு முன் புல்வெளி, எரு கொட்டிய இடம் என்று எங்கும் முளைக்கும். தின்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வயிற்றைப் பிரட்டி வாந்தியும் பேதியுமாகப் போகும். பெரியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். ஆனால் சின்னப் பிள்ளைக்கு உடம்பில் நீர் வற்றி, நிலைமை கை மீறிப் போகலாம். இந்தக் காளானைத்தான் உங்கள் ஆப் 'சாப்பிடலாம்' என்று காட்டியிருக்கிறது.

ஐந்தாவது படம் சமையலறையில் பல்பு வெளிச்சத்தில் எடுத்தது. அதில் இரண்டு காளானும் மஞ்சளாக இருக்கின்றன, தட்டும் மஞ்சளாக இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒரு படத்தைப் பார்த்து "இது வேண்டாம்" என்று என்னால் பல நேரம் சொல்ல முடியும். "இதைத் தின்னலாம்" என்று ஒருபோதும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பூசணங்களோடு இருந்தவன் சொல்கிறேன். உண்ணத் தகுந்த காளானையும் நஞ்சுக் காளானையும் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பாதி படத்தில் விழுவதே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டு விழாது. வாசனை விழாது. குடையை வெட்டினால் சதை நிறம் மாறுகிறதா என்பது விழாது. குடைக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி இருக்கிறதே, செவுள், அதிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறம் விழவே விழாது. உங்கள் வீட்டு இரண்டு காளானையும் தெளிவாகப் பிரிப்பது அந்தத் தூள்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விவசாயி தோட்டத்தில் எடுத்த ஒரு காளான் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஸ்டுடியோவில் கழுவிப் போட்ட நல்ல தெளிவான படம். வெள்ளைக் குடை, வெள்ளைத் தண்டு. நான் பார்த்துவிட்டு, "புற்றுக்காளான் மாதிரி இருக்கிறது" என்றேன். 'மாதிரி' என்ற சொல்லில் என் சந்தேகத்தை எல்லாம் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் காதில் அது 'புற்றுக்காளான்' என்று மட்டும்தான் விழுந்திருக்கிறது. மூன்றாம் நாள் மீதிக் காளானோடு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. அவரும் அவர் மனைவியும் ராத்திரி முழுக்க வாந்தியெடுத்து, விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். என்னை அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "இது என்ன காளான் என்று பாருங்கள் சார், இன்னொருத்தர் தின்றுவிடக் கூடாது" என்றார். அன்றிரவு ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். காலையில் தாளில் கிடந்த தூள் பாசிப் பச்சையாக இருந்தது. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்து யாருக்கும் 'மாதிரி' என்று சொன்னதில்லை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள், பத்துப் பைசா செலவில்லை. நன்றாக விரிந்த குடை ஒன்றை எடுத்துத் தண்டைக் குடையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும்படி இரண்டு தாளை ஒட்டி அதன் மேல், செவுள் கீழே படும்படி கவிழுங்கள். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்குத்தான் கறுப்புத் தாள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து, காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கிண்ணத்தை எடுத்துக் குடையைத் தூக்கினால், செவுள் கோடு கோடாக அப்படியே தாளில் கோலம் போட்ட மாதிரி பதிந்திருக்கும். ஃபிரிட்ஜில் நாலு நாள் கிடந்த குடையில் தூள் சரியாக விழாது. புதிதாக முளைப்பதில் செய்யுங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம், முடிந்ததும் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

மைதானத்துக் காளானில் அழுக்குப் பச்சையாகத் தூள் விழும் என்று எதிர்பார்க்கிறேன். இளசாக இருக்கும்போது அதன் செவுளும் பால் வெள்ளைதான், முற்றிய பிறகுதான் பச்சை தட்டும். அதனால்தான் இளசைப் பறித்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். புற்றுக்காளானில் இளஞ்சிவப்புச் சாயலோடு வெண்மையாக விழும். சந்தன நிறத்துக்கும் ரோஜா நிறத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்த வெள்ளையாக விழுந்தால் அது புற்றுக்காளான் இல்லை, கட்டாயம் ஒதுக்கிவிட வேண்டும். ஏனென்றால் உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற அமானிட்டா வகைக் காளான்களின் தூள் வெள்ளை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இளஞ்சிவப்பாக விழுந்தாலும் அதோடு முடிந்துவிடவில்லை. என்டலோமா என்று ஒரு இனம் இருக்கிறது. அதிலும் தூள் இளஞ்சிவப்புதான், அதிலும் நஞ்சுள்ளவை உண்டு. வித்துத்தூள் ஒரு காளானைத் தள்ளி வைக்க உதவும். சட்டியில் போட அது மட்டும் போதாது.

அப்புறம் வேர். உங்கள் மாமியார் எப்படிப் பறிப்பார் என்று நினைவிருக்கிறதா? புற்றுக்காளானை நன்றாகத் தெரிந்த பெண்கள் பலர் கிள்ள மாட்டார்கள். விரலை மண்ணுக்குள் விட்டு, ஒரு குச்சியால் நெம்பி, மெதுவாக உருவுவார்கள். அப்படி உருவினால் தண்டு மண்ணுக்கு மேலே இருப்பதைவிட நீளமாகக் கீழே வால் மாதிரி இறங்குவது தெரியும். அந்த வால் போய் முடிவது கறையான் கட்டிய 'தோட்டத்தில்'. கறையான் இலை, சுள்ளிகளைத் தின்று, அந்த எச்சத்தில் தேன்கூடு மாதிரி ஒரு படுகை செய்து, அதில் இந்தப் பூசணத்தை வளர்த்துத் தின்கிறது. மழை நன்றாக இறங்கியதும் அந்தப் படுகையிலிருந்து கிளம்பி மேலே வருவதுதான் நாம் பறிக்கும் காளான். நடுவில் இருக்கும் கூர்முனை மண்ணைத் துளைத்து வருவதற்கு. கறையான் துணை வேண்டும் என்பதால்தான் இதை யாரும் சிப்பிக்காளான் மாதிரி பையில் வளர்த்து விற்பதில்லை. இந்த இனத்துக்கு 1942-ல் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டவர் ரோஜே ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர். 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் நம் பக்கத்து வகை ஒன்றுக்கு அவரைச் சிறப்பிக்க டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று பெயர் வைத்தார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஹைமி வகைக்குத் தண்டில் வளையம் உண்டு. "வளையம் இருந்தால் விஷம், இல்லாவிட்டால் நல்லது" என்று ஒற்றை அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இங்கே தவறிவிடுவார்கள்.

புற்றை இடிக்காமல் பறிப்பதும் அந்தப் பெண்களின் வழக்கம். புற்றைக் கும்பிட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். கறையானும் படுகையும் உயிரோடு இருந்தால் அடுத்த வருஷமும் அதே இடத்தில் முளைக்கும்.

உருவும்போது இன்னொன்றையும் பார்க்கலாம், உயிரைக் காப்பாற்றுவது அதுதான். தண்டின் அடியில் கிழிந்த பை மாதிரியோ, முட்டை ஓட்டின் பாதி மாதிரியோ ஒரு கிண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். அமானிட்டாக்களில் பலவற்றுக்கு அது இருக்கும். கிள்ளி எடுத்தால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும், கையில் வருவது அழகான வெள்ளைக் காளான். நம் வைக்கோல் காளானுக்கும் அதே போல அடியில் பை உண்டு என்பது இதில் கூடுதல் சிக்கல். லாவோஸ் போன்ற ஆசிய நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள், தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று நினைத்து அங்கே முளைத்த 'மரணத்தொப்பி' என்ற அமானிட்டாவைச் சமைத்து உயிருக்குப் போராடியிருக்கிறார்கள். ஊரில் சரியாக இருந்த கண், இடம் மாறியதும் ஏமாற்றிவிட்டது. வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் நம் அம்மாக்களும், நடைப்பயிற்சி போகிற பூங்காவில் 'நம்ம ஊர்க் காளானை'ப் பார்த்தால் தயவுசெய்து குனிய வேண்டாம்.

ஆப்பில் போட்டுப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் நஞ்சுத் தகவல் மையத்துக்கு வந்த கேள்விகளிலிருந்து 78 காளான்களின் படங்களை எடுத்து, மூன்று ஆப்களில் போட்டுச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் சிறந்தது கூடப் பாதிக்கும் குறைவாகத்தான் சரியாகச் சொன்னது. நஞ்சுக் காளான்களுக்கு வேறு பெயர் சொன்னதும் உண்டு. பூவையோ பறவையையோ தெரிந்துகொள்ள ஆப் நல்ல துணை, தவறாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சோற்றோடு பிசையப்போகும் பொருளுக்கு அதை நம்பாதீர்கள். நான் உட்பட, படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் மனிதர்களையும் நம்பாதீர்கள்.

வெள்ளிக் காசைப் போட்டுப் பார்ப்பது, அரிசியோ பூண்டோ போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, மஞ்சள் போட்டுக் கொதிக்க வைப்பது, புழு அரித்திருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்வது, இவற்றில் ஒன்றுகூட வேலை செய்யாது. அமானிட்டாவில் இருக்கும் அமட்டாக்சின் என்ற நஞ்சு கொதித்தாலும் அழியாது, காய வைத்தாலும் அழியாது. மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் புழுவும் நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போகும். தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நாக்கும் எச்சரிக்காது.

ஆஸ்பத்திரி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்தால் பயந்து ஓடிவிடுகிறோம், அது நல்லது. அமட்டாக்சினில் ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஒன்றுமே தெரியாது. ராத்திரி சாப்பிட்டவர் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் வயிற்றுவலியும் பேதியும் தொடங்கும். ஒரு நாள் போல அவதிப்பட்டபின் தானே அடங்கும். 'தேறிவிட்டது' என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். ஈரல் சாவது அந்த நேரத்தில்தான். இரண்டு, மூன்று நாளில் கண் மஞ்சளாகும், நினைவு தப்பும். பெரிதாக ஒற்றைக் காளான் ஒரு ஆளைக் கொல்லப் போதும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானைச் சமைத்துத் தின்ற 13 பேர் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர், ஒரு குழந்தையும் அதில் உண்டு.

அதனால் காட்டுக் காளான் தின்ற பிறகு யாருக்கு வயிறு சரியில்லாமல் போனாலும், எத்தனை மணிக்குத் தின்றார், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மீதிக் காளான், குழம்பு, குப்பையில் போட்ட தோல், எதையும் கொட்டாமல் கையோடு எடுத்துப் போங்கள். கூடத் தின்றவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள். இடையில் அடங்கிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் வீடு திரும்பாதீர்கள். டெல்லி எய்ம்ஸில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

இனி உங்கள் மாந்தோப்புப் புற்றுக்கு என்ன வழி? மாமியாரோடு கூடவே காளானுக்குப் போன பெண்கள் ஊரில் யாராவது இருப்பார்கள். அவர் வயது அக்காவோ அத்தையோ ஒருவரை அடுத்த மழைக்கு அழைத்துக்கொண்டு அந்தப் புற்றுக்கே போங்கள். அவர் பறிக்கட்டும், நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டுங்கள். வாலை முழுதாக உருவுங்கள். முகர்ந்து பாருங்கள். எதைப் பறிக்காமல் விடுகிறார், ஏன் விடுகிறார் என்று கேளுங்கள், எனக்குத் தெரிந்து அவர்களின் அறிவு முழுக்க அந்த 'விடுவதில்'தான் இருக்கிறது. ஒரு மழையில் வராது. இரண்டு மூன்று ஐப்பசி ஆகும். அதுவரை பிள்ளைக்குக் காளான் ஆசை என்றால் கடையில் பால்காளானோ சிப்பிக்காளானோ வாங்கிச் செய்துகொடுங்கள்.

பெயர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் உங்களுக்கு மதுரை பக்கம்தான். ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியில் பயிர் நோயியல் துறை இருக்கிறது. அடியோடு தோண்டி எடுத்த காளான் இரண்டு மூன்று, ஒன்று மொட்டாக, ஒன்று விரிந்ததாக, பேப்பரில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். வித்துத்தூள் விழுந்த தாளையும் மடித்துக் கொண்டுபோங்கள். படமும் எடுங்கள், அது கூடத் துணைதான்: பகல் வெளிச்சத்தில், முளைத்த இடத்தோடு ஒன்று, மேலிருந்து ஒன்று, செவுள் தெரிய ஒன்று, தோண்டிய அடித்தண்டு ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து.

பள்ளிக்கூட மைதானத்தில் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கும். தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் மகனைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் கால்சட்டைப் பையில் வீட்டுக்குக் கொண்டுபோனார்களோ.